வால்வு இல்லாத இன்ஜினுக்கு ஒரு வால்வு

ஜனவரி 9, வியாழன்

பேரிங் கடையில் கொடுத்த டைரி இது. வருடா வருடம் வாங்கி வைத்து, பொங்கலோடு மறந்துவிடுவேன். இந்த வருடம் விடாமல் எழுதப்போகிறேன். நாளைக்கு எவனாவது வந்து "இதை நான் அப்பவே யோசிச்சேன்" என்று சொன்னால், மூஞ்சிக்கு நேரே நீட்ட ஒரு சாட்சி வேண்டும்.

இன்று கோபிநாத் சாரின் கம்பெனியில் கூட்டம். அவருக்குத் தொழில் பம்ப், பைத்தியம் கார் ரேஸ். அவர் டீம் வண்டிக்குப் பல வருடமாக நான்தான் இன்ஜின் ட்யூன் செய்கிறேன். இன்று ஜெயபாலையும் வரச்சொல்லியிருந்தார். ஜெயபால் எதிர் டீமின் ட்யூனர். ஒரு காலத்தில் நானும் அவனும் காந்திபுரத்தில் ஒரே ஷெட்டில் ஸ்பேனர் பிடித்தவர்கள்.

"ஏனுங்க மணியக்கா, வால்வே இல்லாத இன்ஜினுக்கு வால்வு டைமிங் பாக்கறீங்களாமா? அடுத்தது மீனுக்குச் செருப்புத் தைப்பீங்களா?" என்றான் ஜெயபால். அறை முழுக்கச் சிரிப்பு. கோபிநாத் சாரும் சிரித்தார்.

"சிரிங்க. சிரிச்சு முடிச்சதும் சொல்லுங்க, நான் பேசறேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போகும். வால்வு திறந்து மூடும். நான் ட்யூன் செய்யும் ரோட்டரி இன்ஜினில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. முட்டை வடிவ அறைக்குள் ஒரு முக்கோணம் சுற்றுகிறது. அறைச் சுவரில் காற்று வர ஒரு வாசல், புகை போக ஒரு வாசல். முக்கோணம் வாசலைக் கடந்தால் திறப்பு, மறைத்தால் அடைப்பு. ஆக, வாசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் டைமிங். வாசலைப் பெரிதாக அரைத்தால் நேர்ச்சாலையில் பறக்கும், வளைவில் முக்கும். சிறிதாக விட்டால் வளைவில் இழுக்கும், நேர்ச்சாலையில் மூச்சு வாங்கும். அரத்தால் அரைத்ததை மறுபடி ஒட்டவும் முடியாது.

நான் செய்யப்போவது காற்று வர மூன்றாவதாக ஒரு வாசல். அதற்குள் ஜன்னல் வெட்டிய ஒரு குழாய். மெதுவாக ஓடும்போது ஜன்னல் சுவரைப் பார்த்திருக்கும், வாசல் அடைப்பு. ஆறாயிரம் சுற்றைத் தாண்டினால் புகையின் அழுத்தமே குழாயைத் திருப்பும், வாசல் திறப்பு. அது வால்வு இல்லாமல் வேறு என்னவாம்?

சிரிப்பு நின்றது. ஆனால் கோபிநாத் சார் கணக்கான ஆள்.

"பிப்ரவரி பதினாறு ரேஸ். உங்க ரோட்டரி கடைசி வரைக்கும் ஓடி முடிக்கோணும். அந்த யூ வளைவுல திணறாம ஏறோணும். இல்லீன்னா அடுத்த சீசன் சாதா இன்ஜின். ஜெயபால் பாத்துக்குவாரு. வருத்தப்படக் கூடாதுங்க."

"எனக்கெதுக்குங்க வருத்தம்? வருத்தப்படப் போறவங்க வேற ஆளு" என்று சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். காபி நன்றாக மணந்தது.

ஜனவரி 12, ஞாயிறு

காலையிலிருந்து மூன்றாவது வாசலை அரைக்கிறேன். முதலில் சின்ன கிரைண்டர், பிறகு கை அரம். கையிருப்பில் இரண்டே இன்ஜின் அறைகள். இரண்டும் ஜப்பானிலிருந்து பழைய இரும்போடு வந்து சேர்ந்தவை. ஒன்று போனால் இன்னொன்று. அதுவும் போனால் வேறு கிடைக்காது.

வேலைக்கு நடுவே அடுப்பில் பருப்பு கரிந்துவிட்டது. குக்கர் விசில் வேலை செய்யவில்லை. புது விசில் வாங்க வேண்டும். இப்போது வரும் பொருள் எல்லாம் தகரம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தங்கை வத்சலா வீட்டில் சாப்பாடு. அவள் மகள் சம்யுக்தாதான் எங்கள் டீமின் டிரைவர். வாரநாளில் சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு ரேஸ். என்னைப்போலவே அவளுக்கும் வாய் நீளம், அதனால் எங்களுக்குள் ஒத்துப்போகும்.

பொங்கல் பரிசு என்று ஒரு டப்பாவை நீட்டினாள். திறந்தால், ஆரஞ்சு நிறத்தில் காதுமூடி.

"இன்ஜின் ஓட்டும்போது இதைப் போட்டுக்கோங்க பெரிம்மா."

எங்கள் தொழிலில் காதுமூடி போட்ட ட்யூனரை நான் பார்த்ததில்லை. காதால்தான் இன்ஜினைப் படிக்கிறோம். காதை மூடிக்கொண்டு ட்யூன் செய்பவனைக் கண்ணை மூடிக்கொண்டு பஸ் ஓட்டுபவன் மாதிரி பேசுவார்கள். அந்த நாளில் ஷெட்டுக்குப் புதிதாக வந்த ஒருவன் காதில் பஞ்சு வைத்தான். அவனை "குளுருதா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டே எல்லோருமாக ஓட வைத்தோம். திறந்த புகைக்குழாய்க்குப் பக்கத்தில் யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று எனக்கும் ஜெயபாலுக்கும் போட்டியே நடக்கும். எப்போதும் நான்தான் ஜெயிப்பேன்.

காதுமூடியை எண்ணெய்த் துணி போடும் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

வத்சலா ஏதோ குசுகுசுவென்று பேசினாள். வயதாக ஆக அவளுக்குக் குரலே எழும்புவதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கொரியர்காரன் "வீடு பூட்டி இருந்தது" என்று எழுதிப்போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாள் முழுக்க நான் உள்ளேதான் இருந்தேன். அழைப்பு மணியை அடிக்கக்கூட வலிக்கிறது இந்தக் காலத்துப் பையன்களுக்கு.

ஜனவரி 25, சனி

முதல் ஓட்டம். எழுதவே கை பரபரக்கிறது.

யூ வளைவில் மூன்றாவது வாசல் அடைத்தே இருந்தது. வண்டி வளைவை விட்டு இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்க்க வேண்டும்! ரோட்டரி அங்கே திணறும் என்று சொன்னவர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் காட்டியிருக்கலாம். நேர்ச்சாலையில் ஆறாயிரத்தைத் தாண்டியதும் வாசல் திறந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் எழுந்தது பாருங்கள், எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

நாலாவது சுற்றில் சம்யுக்தா பாதியிலேயே உள்ளே வந்துவிட்டாள்.

"வாசல் திறக்கறப்ப டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருதுங்க பெரிம்மா. தகர டப்பாக்குள்ள கல்லப் போட்டு ஆட்டற மாதிரி. நாக்கிங்குங்களா?"

நாக்கிங் என்றால் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்னே வெடிப்பது. ரோட்டரிக்கு அது விஷம். முக்கோணத்தின் முனைகளில் உள்ள மெல்லிய சீல் பட்டைகளை உடைத்துவிடும். நான் வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்ஸிலேட்டரை ஏற்றி, பக்கத்தில் குனிந்து கேட்டேன். அருமையான ஒலி. ஒரு பிசிறு இல்லை.

"ஒண்ணுமில்ல. புகைக்குழாய் கிளாம்ப் ஆடுது" என்றேன்.

"கிளாம்ப் இல்லீங்க பெரிம்மா."

"நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் இன்ஜினோட பேசிட்டு இருக்கேன். போய் வண்டியை ஓட்டு."

போனாள். கிளாம்பை மாற்றிவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

இரண்டாவது விசிலும் போச்சு. கடைக்காரரிடம் சண்டை போட்டு மூன்றாவது வாங்கி வந்தேன். "இதுல கம்ப்ளெயிண்டே வராதுங்கம்மா" என்றார். பார்ப்போம்.

பிப்ரவரி 1, சனி

இன்ஜின் போய்விட்டது.

நேர்ச்சாலை நடுவில் வெள்ளைப் புகை. வண்டி இரண்டு தரம் சுழன்று புல்லில் போய் நின்றது. நான் ஓடினேன். என்னால் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று எனக்கே தெரியாது. அவளுக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி என்னைப் பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை.

"சொன்னேன்லங்க பெரிம்மா?"

பெட்ரோல் சரியில்லை என்று சொன்னேன். பெட்ரோல் பங்க்கைத் திட்டினேன். சீல் பட்டையைக் குறை சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "காது டாக்டர்கிட்ட ஒருக்கா போலாம் பெரிம்மா" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டாக்டரை என்கிட்ட வரச்சொல்லு! அவரு ஸ்கூட்டரு சத்தத்தக் கேட்டே கார்புரேட்டர்ல என்ன கோளாறுன்னு சொல்றேன். என் காதப் பத்திப் பேசறதா இருந்தா இனி ஷெட்டு பக்கம் வராத!"

பிப்ரவரி 2, ஞாயிறு

வரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

வந்தாள். ஆபீஸ் பேட்ஜைக் கூடக் கழற்றாமல் நேராக ஷெட்டுக்கு. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. இன்ஜின் போன அன்றைக்கு வண்டிக்குள் செல்போனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினாள். எனக்கு இன்ஜின் மட்டும்தான் கேட்டது, சுத்தமாக, கணீரென்று. அடித்தொண்டைக் குரல் எல்லாம் எனக்கு எப்போதும் போலத் தெளிவாகத்தான் கேட்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

பிறகு அதே சத்தத்தைப் படமாக மாற்றிக் காட்டினாள். கீழே அலை அலையாக இன்ஜின். உச்சியில் முள் முள்ளாக ஏதோ.

"இதுதாங்க பெரிம்மா அந்த டிக் டிக். சத்தம் ரொம்ப மேல் சுருதி."

"படத்தைப் பார்த்து இன்ஜின் ட்யூன் பண்ற காலம் எனக்கு வேண்டாம்" என்றேன். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். டீ நன்றாக இருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

உடைந்த இன்ஜினின் ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துத் துடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். முதல் ஓட்டம் முடிந்த அன்றே பார்த்திருக்க வேண்டியது. காது இருக்கும்போது பிளக் எதற்கு என்று விட்டிருந்தேன். வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். அலுமினியம். உள்ளே சுவர் உருகித் தெறித்திருக்கிறது.

நாக்கிங்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அவள் அந்த வண்டிக்குள் இருந்தாள்.

பிப்ரவரி 7, வெள்ளி

சாம்பார் வைத்தேன். குக்கர் பக்கத்திலேயே நின்று, வெயிட் ஆடுவதைக் கண்ணால் பார்த்து இறக்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குழாயில் நான் வெட்டிய ஜன்னல் சதுரம். குழாய் திரும்பியதும் கதவைத் தடாலென்று திறந்த மாதிரி காற்று உள்ளே பாய்கிறது. பெட்ரோல் அந்த வேகத்தில் வந்து சேர்வதில்லை. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதனால் நாக்கிங். அதற்காக வாசலையே அடைத்துவிடச் சொல்வான் ஜெயபால். நான் அடைக்கமாட்டேன். திறக்கும் விதத்தை மாற்றுவேன்.

புதுக் குழாயில் ஜன்னலை ஆப்பு வடிவில் வெட்டினேன். ஒரு நுனி மெல்லிசு, மறு நுனி அகலம். ஆறாயிரத்தில் தடாலென்று திறக்காமல், ஐயாயிரத்திலேயே ஒரு கீற்றாகத் தொடங்கி ஏழாயிரத்தில் முழுசாகத் திறக்கும். அந்த இடத்தில் மட்டும் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன்.

இரண்டாவது அறையில், அதாவது கடைசி அறையில், மூன்றாவது வாசலை அரைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

சம்யுக்தா லீவு போட்டுவிட்டு ஓட்ட வந்தாள். வண்டியில் ஏறும்முன் அவளிடம் ஒரு சின்னக் கைப்பிடியைக் காட்டினேன். நேற்று வைத்தது. இழுத்தால் மூன்றாவது வாசல் அடைபட்டுவிடும்.

"டிக் டிக்குன்னு கேட்டா இழுத்துரு. என்னைக் கேக்காத. ரேஸ் நடுவுல இருந்தாலும் சரி."

"நெஜமாவா பெரிம்மா?"

"ஒரு தரம்தான் சொல்லுவேன்."

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அவள் எங்கே கேட்டது, எத்தனை சுற்றில் கேட்டது என்று சொன்னாள். நான் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. பெட்ரோலைத் துளி கூட்டினேன், ஜன்னலின் நுனியைத் துளி அரைத்தேன். மாலைக்குள் பிளக் சுத்தம்.

"இப்ப ஒண்ணுமே இல்லீங்க பெரிம்மா. சும்மா வெண்ணெய் மாதிரி போகுது!"

நான் இன்ஜின் மூடியில் கை வைத்தேன். அதன் அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் ஓடியது. இவ்வளவு நாளும் இதை நான் கையால் பார்த்ததே இல்லை.

பிப்ரவரி 15, சனி

நாளை ரேஸ். இன்று பயிற்சி ஓட்டம்.

சம்யுக்தா வண்டியை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "ஜெயபால் அண்ணன் வண்டி எனக்கு முன்னால போச்சுங்க பெரிம்மா. அது நாக்கிங் ஆகுது. நல்லாவே கேக்குது."

எட்டிப் பார்த்தேன். ஜெயபால் தன் வண்டியின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில், காதில் ஒன்றும் இல்லாமல், கச்சேரி கேட்பவன் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், "எப்படிப் பாடுது பாருங்க்கா! ஒரு பிசிறு இல்ல!" என்று கத்தினான்.

ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும். நாளை அவன் பிஸ்டன் ஓட்டை விழுந்து தானாக நிற்கும். மீனுக்குச் செருப்புத் தைப்பீங்களா என்று கேட்டவன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவன். நினைக்க இனிப்பாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் நின்றுபோன வண்டியை முந்தி நான் என்ன நிரூபிக்கப்போகிறேன்? நாளைக்கே "என் வண்டி மட்டும் நின்னிருக்காட்டி..." என்று ஆரம்பிப்பான். ஆயுசுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பான். ஓடுகிற வண்டியைத்தான் முந்த வேண்டும்.

போய் அவன் பக்கத்தில் நின்றேன். "பிளக்கைக் கழட்டிப் பாருடா."

"எதுக்குங்க்கா? ஒண்ணும் கேக்கலீங்களே."

"கேக்காது. எனக்கும் கேக்கல. கழட்டிப் பாரு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. சுற்றும் முற்றும் யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துக் குனிந்தான். பிளக் வெளியே வந்தது. மிளகுத்தூள்.

புள்ளிகளை விரலால் தேய்த்துப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்காமலே, "தீவாளிக்கு முந்தியே போன் மணி கேக்கறதில்லீங்க்கா. போனு கோளாறுன்னு ரெண்டு போன மாத்தீட்டேன்" என்றான்.

நான் விசில் விஷயத்தைச் சொல்லவில்லை. "தீப்பொறியத் தாமதமா வை. பெட்ரோலக் கூட்டு. நாளைக்கு வண்டியக் கொண்டு வந்து நிறுத்து, முந்தறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எண்ணெய்த் துணிப் பெட்டியில் இருந்து காதுமூடியை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். ரேஸுக்கு வண்டிகள் வரிசை கட்டும்போது, எல்லா டீமும் பார்க்க, தலைமேல் மாட்டிக்கொண்டேன். ஆரஞ்சு நிறம், எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்.

நினைத்தபடியே ஒருவன் வந்தான். காதுமூடியின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினேன்.

"என்னங்க்கா, குளுருதுங்களா?"

"ஆமாங் கண்ணு. நீ பேசறது அவ்வளவு ஜில்லுன்னு இருக்குது" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டேன். காதில் மிச்சம் இருப்பதை நான் யாருக்கும் தானம் கொடுப்பதாக இல்லை.

வண்டிகள் கிளம்பின. பாதி ரேஸ் வரை சம்யுக்தா மூன்றாவது இடம், ஜெயபால் வண்டி இரண்டாவது. மத்தியான வெயில் தரையைக் காய்ச்சியது. திடீரென்று நேர்ச்சாலையில் எங்கள் வண்டி பின்தங்கியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கோபிநாத் சார் ஓடிவந்து என் தோளை உலுக்கினார். காதுமூடியைக் கழற்றினேன்.

"ஏனுங்க, வண்டி வேகமே எடுக்க மாட்டீங்குது! உள்ள கூப்பிடுங்க!"

"வாசல அடச்சிருக்கா. அவளுக்கு ஏதோ கேட்டிருக்குது."

"உங்களுக்கு என்ன கேக்குது? நீங்க சொல்லுங்க!"

"கேக்கறவ முடிவு பண்ணட்டுமுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும் என்று காதுமூடியை மறுபடி மாட்டிக்கொண்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நானும் நினைக்கவில்லை.

இன்ஜின் சூடு இறங்கியிருக்க வேண்டும். அடுத்த சுற்றில் நேர்ச்சாலையில் வண்டி பழையபடி பாய்ந்தது. வாசலைத் திறந்துவிட்டாள். விட்ட தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தாள். கடைசிச் சுற்றில் யூ வளைவுக்குள் ஜெயபால் வண்டியும் எங்கள் வண்டியும் ஒட்டிக்கொண்டே நுழைந்தன. ரோட்டரி திணறும் என்று எல்லோரும் சொன்ன அதே வளைவு. வெளியே வரும்போது எங்கள் மூக்கு முன்னால் இருந்தது. பிறகு நேர்ச்சாலை. கீற்றாகத் தொடங்கி முழுசாகத் திறந்தது மூன்றாவது வாசல். காது மூடியிருந்தாலும் நெஞ்சுக்கூட்டுக்குள் அது அதிர்ந்தது.

இரண்டாவது இடம். முதல் இடம் சென்னைக்காரர்களுக்கு. அவர்களை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். ஜெயபால் வண்டி மூன்றாவதாக, ஒரு கோளாறும் இல்லாமல், நல்லபடியாக வந்து சேர்ந்தது. நல்லபடியாக ஓடும் வண்டியைத்தான் முந்தினேன்.

சம்யுக்தா ஹெல்மெட்டோடு வந்து கட்டிக்கொண்டாள். ஏதோ சொன்னாள். திரும்பச் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு டிக்குத்தான் பெரிம்மா கேட்டுது! ரெண்டே ரெண்டு! ஒடனே இழுத்துட்டேன்!"

பிப்ரவரி 17, திங்கள்

கோபிநாத் சார் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். அடுத்த சீசனும் ரோட்டரி. நானே. இந்த முறை காபி குடித்துவிட்டு வரலாம்.

வெள்ளிக்கிழமை ஜெயபால் காது டாக்டரிடம் போகிறானாம். தனியாகப் போகப் பயமாம். எனக்கென்ன பயம்? அவனுக்குத் துணைக்குப் போகிறேன். போனதுதான் போனோம் என்று நானும் ஒரு தரம் காட்டிவிட்டு வருவேன்.

சாயந்திரம் சம்யுக்தா வந்து என் அடுக்களையில் சமைத்தாள். பழைய விசில், இரண்டாவது விசில், கடைக்காரர் சத்தியம் செய்து கொடுத்த மூன்றாவது விசில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குக்கரில் மாட்டிப் பார்த்தாள். மூன்றும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஊதுகின்றனவாம்.

ஊதிவிட்டுப் போகட்டும்.